தந்தையின் நினைவாக ஒரு வேட்டை வில்: செய்யக் கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1934-இலேயே வில்லுக்கென்று தனியாக ஒரு மான் வேட்டைப் பருவத்தை ஒதுக்கியது. அங்கும் அண்டை மாநிலமான மிச்சிகனிலும் இலையுதிர் காலத்தில் தந்தையோடு காட்டுக்குப் போய் வில் பழகிய பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அத்தகைய வீடுகளில் தந்தை மறைந்தபின் ஒரு பழைய வில், சுவரில் மாட்டிய மான் கொம்பு, கைப்பட எழுதிய சில தாள்கள், நிலத்தில் நின்ற மரத்தின் பலகைகள் ஆகியவை எஞ்சுகின்றன. இவற்றைக் கொண்டு ஒரு புதிய வில்லைச் செய்து தரும்படி தனிப்பட்ட வில் தச்சர்களிடம் கேட்பவர்கள் அங்கு பலர். வில்லின் அளவுகள் எல்லாம் எய்யப்போகிறவருடைய உடலிலிருந்து வர வேண்டும். தந்தையின் நினைவு, கூடியவரை வளையாத பாகங்களில் இடம்பெற வேண்டும். இந்த இரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளாமல் செய்யப்படும் வில் பெரும்பாலும் சுவரிலேயே தங்கிவிடுகிறது.

முதலில் வீட்டில் இருப்பவற்றை ஒரே மேசையில் பரப்பி, உடன்பிறந்தவர்களையும் தாயையும் கூட வைத்துக்கொண்டு, எந்தப் பொருள் யாருக்கு எதை நினைவூட்டுகிறது என்று பேசிக்கொள்ளுங்கள். ஒரு கொம்பை அறுத்தபின் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், அனைவரும் ஒப்புக்கொண்டவற்றை மட்டும் எடுப்பது நல்லது. இரண்டு அல்லது மூன்று பொருள்களே போதும். கிடைத்ததையெல்லாம் ஒரே வில்லில் திணித்தால் எதுவும் கண்ணில் படாது. கழுகு, பருந்து ஆகியவற்றின் இறகுகள் தந்தையின் பெட்டியில் இருந்தாலும் அவற்றைத் தொட வேண்டாம். 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டமும் 1940-ஆம் ஆண்டின் கழுகுப் பாதுகாப்புச் சட்டமும், தரையில் கிடந்து எடுத்த இறகைக்கூட வைத்திருக்கத் தடை விதிக்கின்றன.

மரத்துக்குத்தான் அதிகப் பொறுமை தேவைப்படும். குடும்ப நிலத்தில் விழுந்த வால்நட், மேப்பிள், செர்ரி, ஒசேஜ் ஆரஞ்சு போன்ற கடின மரமாக இருந்தால் வில்லின் நடுவில் உள்ள வளையாத கைப்பிடிக் கட்டைக்குப் பொருந்தும். மரம் விழுந்த சில நாள்களுக்குள் வெட்டுமுகங்களில் மெழுகோ கெட்டியான பெயிண்டோ பூசிவிட வேண்டும்; இல்லாவிட்டால் ஈரம் முனைகள் வழியாக வேகமாக வெளியேறி, நீளவாக்கில் வெடிப்பு ஓடிவிடும். பிறகு பலகைகளாக அறுத்து, இடையிடையே சிறு கட்டைகள் வைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் அடுக்க வேண்டும். ஒரு அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது மர வேலை செய்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கட்டை ஏறத்தாழ இரண்டு அங்குலத் தடிமனும் மூன்று அங்குல அகலமும் இருபது அங்குல நீளமும் இருந்தால் பெரும்பாலான வில்களுக்குப் போதும். ஆனால் ஒவ்வொரு தச்சரின் வடிவமும் வேறுபடும் என்பதால், அவரைக் கேட்காமல் அறுக்கக் கூடாது. முடிச்சும் நடுத்தண்டும் இல்லாத பகுதியையே தேர்ந்தெடுங்கள்.

பழைய களஞ்சியத்தின் பைன் பலகை போன்ற மென்மையான மரம் மட்டுமே கையில் இருந்தாலும் வழி உண்டு. அதை மெல்லிய பட்டையாக அறுத்து, கைப்பிடிக் கட்டையின் இரண்டு கடின மரத் துண்டுகளுக்கு நடுவே கோடுபோல் ஒட்டலாம். நல்ல ரேகை உள்ள சிறு துண்டாக இருந்தால், அதைத் தகடுகளாகச் சீவி, வில்லின் கரங்களில், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளில், ஒளி ஊடுருவும் கண்ணாடியிழைக்கு அடியில் பதிக்கலாம். அடுத்தடுத்த இரு தகடுகளைப் புத்தகம்போல விரித்து மேல் கரத்துக்கு ஒன்றும் கீழ்க் கரத்துக்கு ஒன்றுமாக வைத்தால், ஒரே ரேகை இரு பக்கமும் எதிரெதிராக ஓடும். நாணை இழுக்கும்போது கரத்தின் முன்முகம் நீட்டப்படுகிறது, எய்பவரை நோக்கிய முகம் அழுத்தப்படுகிறது. அந்தப் பளுவின் பெரும்பகுதியைக் கண்ணாடியிழையே தாங்குவதால் தகடு வெறும் அழகுக்கு இருந்தாலும் கெடுதலில்லை. ஆனால் கரத்தில் குழி தோண்டி நாணயத்தையோ பித்தளைத் தோட்டாவின் அடிப்பாகத்தையோ பதிப்பதை எந்தத் தச்சர் ஒப்புக்கொண்டாலும் நீங்கள் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏனெனில் முறிவு அந்தக் குழியின் விளிம்பிலிருந்துதான் தொடங்கும். கைப்பிடிக் கட்டையிலும் அம்பு கடக்கும் வெட்டுப் பகுதியும் உள்ளங்கை பிடிக்கும் குறுகிய பகுதியும் ஏற்கெனவே மெலிந்தவை. அவற்றை விட்டு, பிடிக்குக் கீழே கட்டை விரியும் இடத்தில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பதிக்கச் சொல்லுங்கள்.

தந்தை வீழ்த்திய வெள்வால் மானின் கொம்புக்கு ஏற்ற இடம் கரங்களின் நுனிகளே. நாணின் கண்ணி அங்கேதான் உராய்கிறது. அந்த உராய்வைத் தாங்க நுனியில் கடினமான ஒரு பொருளை ஒட்டுவது நெடுங்கால வழக்கம். கொம்பின் உட்பகுதி நுண்துளைகள் நிறைந்தது, வெளிச்சுவர்தான் அடர்த்தியானது. எனவே வெளிச்சுவரிலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்து, ஒரு முகத்தைத் தட்டையாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, எபாக்சி என்னும் பசையால் ஒட்டுவார்கள். பசை இறுகியபின் உருளை அரத்தால் இரு பக்கமும் நாண் அமரும் பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவி எடுப்பார்கள். அறுக்கும்போது எலும்பு கருகும் நெடியோடு எழும் தூள் நுரையீரலுக்குக் கெடுதியானது, ஆகவே இதை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் முகமூடி இல்லாமல் தொடங்கக் கூடாது. இரண்டு நுனிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கிளை போதும். கொம்பின் மற்ற பகுதி சுவரிலேயே இருக்கலாம்.

அளவுகளில் உணர்ச்சிக்கு இடம் தர வேண்டாம். வில்லின் இழுவிசை 28 அங்குல இழுப்பில் எவ்வளவு பவுண்டு என்றே குறிக்கப்படுகிறது; இழுப்பு ஒரு அங்குலம் குறைந்தால் விசை ஏறக்குறைய இரண்டிலிருந்து மூன்று பவுண்டு வரை குறையும். தந்தை அறுபது பவுண்டு வில்லை எய்தவர் என்பதற்காக, 26 அங்குலம் மட்டுமே இழுக்கும் மகள் அதே வில்லைக் கேட்பது பொருத்தமாகாது. குளிரில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தபின், தோளை உலுக்காமல் மெதுவாக இழுத்துச் சில நொடிகள் நிறுத்த முடிகிற விசையே உங்களுடையது. கீழ் எல்லையை மட்டும் சட்டம் வகுக்கிறது: மானுக்கு விஸ்கான்சினில் 30 பவுண்டு, கொலராடோவில் 35 பவுண்டு. உங்கள் மாநிலத்தின் அவ்வாண்டு விதியைப் படித்துக்கொள்ளுங்கள். எந்தக் கண் மேலோங்கியது என்பதையும் சோதித்துக்கொள்ள வேண்டும். இடக்கண்ணால் குறிபார்ப்பவருக்குத் தந்தையைப் போல வலக்கை வில் செய்தால் பழகுவதே பெரும்பாடாகிவிடும்.

ஒன்றை மட்டும் தந்தையின் வில்லிலிருந்து அப்படியே எடுக்கலாம்: பிடியின் வடிவம். மிச்சிகனின் கிரேலிங் நகரில் ஃப்ரெட் பேர் நடத்திய தொழிற்சாலையில் செய்த ரிகர்வ் வில்கள் (நுனிகள் முன்னோக்கி வளைந்தவை) இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. அத்தகைய பழைய வில்லைத் தச்சரிடம் காட்டினால், அவர் பிடியின் வளைவுகளை அச்செடுத்துப் புதிய கட்டையில் செதுக்கித் தருவார். எழுத்தும் கொம்பும் கண்ணுக்கானவை, பிடியோ ஒவ்வொரு முறையும் உள்ளங்கையில் வந்து அமர்கிறது. ஒரே ஒரு நினைவுக்குத்தான் பணமிருக்கிறது என்றால் நான் இதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். உங்கள் கை சிறியதாக இருந்தால், வடிவத்தை மாற்றாமல் சற்று மெலிதாக்கச் சொல்லலாம்.

வில்லில் எழுத்து வேண்டுமானால், தந்தை ஒரு கடிதத்திலோ உரிமச் சீட்டிலோ இட்ட கையெழுத்தை ஒளிப்படமாக்கி, லேசரால் மேலோட்டமாகப் பொறிக்கலாம். பெயரும் ஆண்டும் போதும், நீண்ட வாசகம் வேண்டாம். மேற்பூச்சு பளபளக்காமல் மங்கலாக இருக்கட்டும், பளபளப்பான கரத்தில் வெயில் மின்னினால் மான் நின்ற இடத்திலிருந்தே விலகிவிடும்.

தச்சரோடு எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விலை, முன்பணம், பல மாதங்கள் நீளக்கூடிய காத்திருப்பு ஆகியவற்றோடு, வேலையின் நடுவில் உங்கள் மரம் வெடித்தால் எந்த மரத்தை வைப்பது, மிச்சத் துண்டுகளைத் திருப்பித் தருவாரா என்பதும் அதில் இருக்க வேண்டும். ஈடில்லாத பொருள்களைக் காப்பீடு செய்து அனுப்புங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வில் வந்ததும் நாணேற்றுவதற்கென உள்ள கயிற்றால் மட்டுமே நாணேற்றுங்கள். காலுக்கிடையில் வளைத்து ஏற்றினால் கரம் முறுக்கிக்கொள்ளும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது, வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லை விட்டுவரவும் கூடாது. தந்தை சுட்ட காட்டு வான்கோழியின் சிறகுகள் இருந்தால் அவற்றை அம்புகளுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் ஓர் அம்பின் எல்லா இறகுகளும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் அம்பு சீராகச் சுழலாது. பழைய வில்லையும் எப்போதாவது எய்ய விரும்பினால், கரங்களில் வெடிப்போ பிளவோ இல்லை என்று உறுதி செய்தபின் சற்று நீளக்கூடிய டேக்ரான் இழை நாணை மட்டும் பூட்டுங்கள். இன்றைய நீளாத நாண்கள் அந்தக் காலத்து வில்களின் நுனியைப் பிளந்துவிடும்.