தாத்தாவோடும் பேத்தியோடும் ராமென் கடைக்கு

ஜப்பானுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வீடு டோக்கியோவின் நிஷிகசாயில். ஊரிலிருந்து வருகிறவர்கள் வந்த மறுநாளே ராமென் (சூப்பில் போட்ட ஜப்பானிய நூடுல்ஸ்) கடையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். போன நவம்பரில் அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார்கள். எல்லோருமாக ஃபுகுவோகாவுக்குப் போய், நகாசுவில் உள்ள இச்சிரான் கடையில் அப்பா, எட்டு வயது மகள், நான் மூவரும் சாப்பிட்டோம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கடையைத் தேடும் முன்பு, யார் யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். ராமெனின் உயிர் சூப்பில்தான் இருக்கிறது. ஃபுகுவோகாவின் தொன்கொத்சு ராமென் பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து எடுத்த வெண்ணிறச் சூப்பு. மேலே வைக்கும் இறைச்சித் துண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது சைவமாகிவிடாது. இங்கு வந்த புதிதில் ஒரு கடையில் "யாசாய் ராமென்", அதாவது காய்கறி ராமென், என்ற பெயரை நம்பி, ஊரிலிருந்து வந்திருந்த சித்திக்கு வாங்கிக் கொடுத்துவிட்டேன். காய்கறிகள் மேலே இருந்தன. அடியில் இருந்தது பன்றி எலும்புச் சூப்பு. பாதி சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அன்று சித்தியின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால் "சூப்பு நி நிக்கு வா ஹைத்தே இமஸ் கா?" (சூப்பில் இறைச்சி சேர்ந்திருக்கிறதா?) என்ற ஒரு வாக்கியத்தைக் கட்டாயம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மீனையும் தவிர்ப்பவர்கள் "சகானா" என்று மீனையும் சேர்த்துக் கேட்க வேண்டும். காய்ந்த மீனில் எடுத்த சாறு இங்கே பல சூப்புகளில் கலந்திருக்கும்.

அம்மா சைவம். அவருக்காக டோக்கியோ நிலையத்துக்குள் இருக்கும் டீஸ் தன்தன் கடைக்கு முன்பே போய்வந்துவிட்டோம். அங்கே எல்லாமே இறைச்சி, மீன், முட்டை, பால் இல்லாதவை. எள் விழுது சேர்த்த காரமான ராமெனை அம்மா கடைசிச் சொட்டு வரை குடித்தார். நகாசுவில் நாங்கள் சாப்பிட்ட நேரத்தில் அவரும் என் கணவரும் அருகிலிருக்கும் குஷிதா கோயிலுக்குப் போனார்கள். ராமென் கடையில் இடம் குறைவு, ஓர் இருக்கைக்கு ஒரு கிண்ணம் என்பதே வழக்கம். சாப்பிடாதவரைச் சும்மா உட்கார வைப்பது வரிசையில் நிற்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பிற்பகல் மூன்று மணிக்குப் போனோம். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரையும் இரவு உணவு நேரத்திலும் குழந்தையோடு வரிசையில் நிற்காதீர்கள். வாசலில் டிக்கெட் இயந்திரம் இருக்கும். பணம் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். சிறிய கடைகளின் பழைய இயந்திரங்கள் பலவும் 1000 யென் நோட்டை மட்டுமே வாங்கும். 2024 ஜூலையில் வந்த புதிய நோட்டுகளை ஏற்காத இயந்திரங்களும் உண்டு. பையில் பழைய 1000 யென் நோட்டுகள் சிலவும் சில்லறையும் இருந்தால் கவலையில்லை.

இச்சிரானில் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தடுப்பு. முன்னால் ஒரு மூங்கில் திரை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். சுவையில் மட்டும் கவனம் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. குடும்பத்துக்கு இது ஒத்துவருமா என்று தயங்க வேண்டாம், பக்கத் தடுப்பை மடித்துவிடலாம். மகளை நடுவில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் மடித்துவிட்டோம்.

பிறகு ஒரு தாளில் வட்டம் போட வேண்டும். சுவையின் அழுத்தம், கொழுப்பு, பூண்டு, வெங்காயத்தாள், இறைச்சித் துண்டு, சிவப்புக் காரக் குழம்பு, நூடுல்ஸின் பதம் என்று ஏழு கேள்விகள். ஆங்கிலத் தாளும் உண்டு. குழந்தைக்குக் காரக் குழம்பு "இல்லை", பூண்டு "கொஞ்சம்", நூடுல்ஸ் "மென்மை". அப்பாவுக்கு உப்பு குறைய வேண்டும் என்பதால் சுவை "லேசானது". காரம் மட்டும் இரண்டு மடங்கு கேட்டார். முதல் முறை போகிற பெரியவர்கள் எல்லாவற்றிலும் "வழக்கமானது" என்பதிலேயே வட்டம் போடுங்கள். கடைக்காரர்கள் பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்து அமைத்த அளவு அது.

கிண்ணம் வந்ததும் படம் எடுப்பதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். ஃபுகுவோகாவின் ஹகாதா பகுதி நூடுல்ஸ் மெல்லியது, சூப்பில் ஊறிச் சீக்கிரம் குழைந்துவிடும். முதலில் காரத்தைக் கலக்காமல் இரண்டு கரண்டி சூப்பு, அதன் பிறகு நூடுல்ஸ், பாதிக்கு மேல் காரத்தைக் கலக்கலாம். உறிஞ்சிச் சாப்பிடும்போது சத்தம் வந்தால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். சூடு ஆறுவதும் மணம் ஏறுவதும் அந்த உறிஞ்சலில்தான். "சத்தம் போடாமல் சாப்பிடு" என்று என்னை அதட்டி வளர்த்த அப்பா, பேத்தியிடம் உறிஞ்சக் கற்றுக்கொண்டார். குச்சி பழகாதவர்கள் "ஃபோக்கு ஒனெகாய்ஷிமஸ்" என்றால் முள்கரண்டி கிடைக்கும்.

பசி அடங்கவில்லை என்றால் இன்னொரு கிண்ணம் வாங்காதீர்கள். மீதமிருக்கும் சூப்பில் நூடுல்ஸை மட்டும் போட்டுக்கொள்ளும் வழக்கத்துக்குப் பெயர் காஎதாமா. நகாஹாமா மீன் சந்தையில் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டியவர்களுக்காகச் சட்டென்று வேகும் மெல்லிய நூடுல்ஸைக் கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் மேலும் கொடுத்ததில் பிறந்த பழக்கம் என்பார்கள். இதற்காகச் சூப்பில் பாதியையாவது மிச்சம் வையுங்கள். அரை அளவும் கேட்கலாம். அப்பாவும் நானும் ஆளுக்கு அரை வாங்கினோம்.

சாப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும். கதை பேசுவதற்கு வெளியே நகா ஆற்றங்கரை இருக்கிறது. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. "கொச்சிசோசமா" (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லிவிட்டு வந்தால் போதும்.

சூப்பு முழுவதையும் குடிக்க வேண்டிய கட்டாயமில்லை, உப்பு அதிகம். அப்பாவிடம் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். மகள் மட்டும் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்து முடித்தாள். அடியில் எழுத்துகள் தெரிந்தன. தெரிந்தவற்றைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள், தெரியாத இரண்டை என்னிடம் கேட்டாள். "இந்த ஒரு சொட்டுதான் மிகப் பெரிய மகிழ்ச்சி" என்று தாத்தாவுக்குத் தமிழில் சொன்னாள். அப்பா என்னைப் பார்த்துவிட்டு, தன் கிண்ணத்தை மறுபடியும் கையில் எடுத்தார்.