எறிபொருள் கணக்கில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் எறிபொருள் கணக்கு வந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, “சார், இதுக்கு எந்த ஃபார்முலா?” என்பதுதான். பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம் (பக்கவாட்டில் போய் விழும் தூரம்) என்று மூன்றின் சூத்திரத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். மூன்றும் சரியானவைதான். ஆனால், எறிந்த மட்டத்துக்கே பொருள் திரும்பி வந்து விழுந்தால் மட்டும்தான் நேரச் சூத்திரமும் நெடுக்கச் சூத்திரமும் செல்லும். புத்தகத்தில் உள்ள படமே இதைக் காட்டிவிடுகிறது. படத்தை யார் பார்க்கிறார்கள்?

நம்ம ஊர்க் கணக்கு ஒன்று பார்ப்போம். கன்னியாகுமரி மாவட்டத்தில், பறளியாற்றின் குறுக்கே தண்ணீர் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரம் 115 அடி, அதாவது சுமார் 35 மீட்டர். பாலத்தின் மேலிருந்து ஒரு கல்லை, கிடைத்தளத்துக்கு 30° மேல்நோக்கி, 20 மீ/வி வேகத்தில் எறிவதாக வைத்துக்கொள்வோம். (கணக்கில் மட்டும்தான். கீழே பறளியாற்றுப் பக்கம் ஆட்கள் இருப்பார்கள்.) ஜி-யின் (புவியீர்ப்பு முடுக்கத்தின்) மதிப்பு 10 மீ/வி² என்று எடுத்து நெடுக்கச் சூத்திரத்தில் போட்டால் 34.6 மீட்டர் வரும். சரியான விடை 66.3 மீட்டர். பாதித் தூரத்தைக் காணோம்!

அந்த 34.6 என்பது கல் மேலே போய்விட்டுப் பாலத்தின் மட்டத்துக்குத் திரும்பும் இடம். அங்கிருந்து தரைக்கு இன்னும் 35 மீட்டர் விழ வேண்டியிருக்கிறது. அந்த நேரமெல்லாம் கல் பக்கவாட்டிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே சூத்திரத்தைத் தேடாமல், தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் கிடைத்தளம், மறுபக்கம் செங்குத்து என்று பிரித்து எழுதுங்கள். கிடைத்தளக் கூறு 20 × காஸ் 30°, அதாவது 17.3 மீ/வி. அந்தப் பக்கம் முடுக்கமே கிடையாது. செங்குத்துக் கூறு 20 × சைன் 30°, அதாவது 10 மீ/வி. அங்கே மட்டும்தான் ஜி. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பது நேரம் ஒன்றுதான்.

இந்தப் பிரிவினையைச் செய்யாதவர்கள் சறுக்கும் இடம், கிடைமட்டமாக எறியும் கணக்கு. “பாலத்திலிருந்து 10 மீ/வி வேகத்தில் கிடைமட்டமாக எறியப்பட்ட கல்” என்றதும், அந்த 10-ஐச் செங்குத்துச் சமன்பாட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். அங்கே தொடக்கத் திசைவேகம் சுழி. சும்மா கைவிட்ட கல்லுக்கும் கிடைமட்டமாக எறிந்த கல்லுக்கும் தரை தொட ஒரே நேரம்தான் ஆகும், இரண்டுக்கும் சுமார் 2.6 விநாடி.

அடுத்தது குறி. மேல்நோக்கி மிகைக் குறி என்று முடிவு செய்தால் ஜி-க்குக் குறைக் குறி. தரை கீழே இருப்பதால் இடப்பெயர்ச்சிக்கும் குறைக் குறி. நம் கணக்கில் அது இப்படி அமையும் (5 என்பது ஜி-யில் பாதி):

−35 = 10 × நேரம் − 5 × நேரம்²

பலர் இடப்பக்கம் +35 என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் கல் பாலத்துக்கு மேலே 35 மீட்டரில் இருப்பது எப்போது என்று கேட்டதாகிவிடும். இந்தக் கல் மேலே ஏறுவதே 5 மீட்டர்தான். அதனால் வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்து நிற்கும், பிள்ளை பேனாவைக் கடிக்கும். குறியைச் சரியாகப் போட்டால் நேரத்துக்கு 3.83, −1.83 என்று இரண்டு விடைகள் வரும். (3.83-ஐ 17.3-ஆல் பெருக்கினால் அந்த 66.3 மீட்டர்.) குறை விடையைத் தள்ளிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஏன் வருகிறது என்றுதான் கேட்பதில்லை. இதே பாதையில் போகும்படி யாரோ தரையிலிருந்தே கல்லை எறிந்திருந்தால், அது பாலத்தைக் கடப்பதற்கு 1.83 விநாடி முன்பு கிளம்பியிருக்கும். கணிதத்துக்குக் கை பாலத்தின் மேல் இருந்ததெல்லாம் தெரியாது, அது முழுப் பரவளையத்தையும் பார்க்கிறது.

உச்சியில் திசைவேகம் சுழி என்று எழுதுவது பழைய வியாதி. சுழியாவது செங்குத்துக் கூறு மட்டும். நம் கல் உச்சியிலும் 17.3 மீ/வி வேகத்தில் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. முடுக்கமும் அங்கே சுழியல்ல, அதே ஜி கீழ்நோக்கி இருக்கிறது. தரையைத் தொடும்போது இறுதித் திசைவேகம் சுழி என்று போடுவது இதைவிட மோசம். நாம் கேட்பது மோதுவதற்குச் சற்று முந்தைய வேகத்தை. அது இங்கே 33.2 மீ/வி.

அப்புறம், 45° கோணத்தில் எறிந்தால்தான் அதிகத் தூரம் என்ற நம்பிக்கை. சமதளத்துக்கு அது சரி. பாலத்தின் மேலிருந்து அதே 20 மீ/வி வேகத்தில் 45° கோணத்தில் எறிந்து பாருங்கள், 62.4 மீட்டர்தான் வரும். 30°-க்கு 66.3 வந்ததே! இந்த உயரத்துக்கும் வேகத்துக்கும் மிகச் சிறந்த கோணம் ஏறக்குறைய 31°. கீழே இறங்கக் கிடைக்கும் கூடுதல் நேரத்தைப் பயன்படுத்த, கிடைத்தள வேகம் கொஞ்சம் அதிகமாக இருப்பது நல்லது. அதனால்தான் கோணம் தாழ்கிறது.

சில்லறைத் தவறுகளும் உண்டு. 115 அடியை மீட்டருக்கு மாற்றாமல், ஜி 9.8 மீ/வி² என்பதோடு சேர்த்தால், சும்மா கைவிட்ட கல் தரை தொடும் நேரம் 2.67 விநாடிக்குப் பதில் 4.84 விநாடி என்று வரும். கோணம் செங்குத்தோடு தரப்பட்டிருந்தால் சைனும் காஸும் இடம் மாறும். கல்லூரியில் கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள், சைன் 30-க்கு −0.988 வந்தால் அது டிகிரியில் இல்லாமல் ரேடியன் என்ற கோண அலகில் கிடக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்றை இந்தக் கணக்குகள் கண்டுகொள்வதில்லை. “காற்றுத்தடையைப் புறக்கணிக்க” என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் தடை இருந்தால் என்ன ஆகும் என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டால், “தூரம் குறையும்” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உச்ச உயரமும் குறையும், பாதை சமச்சீராக இருக்காது, இறங்கும் பகுதி ஏறும் பகுதியைவிடச் செங்குத்தாக இருக்கும் என்பதையும் எழுதுங்கள். கிடைத்தள வேகம் மாறாமல் இருப்பதில்லை என்று காரணத்தையும் சேர்த்துவிட்டால் முழு மதிப்பெண்.