அகூஸ்டிக் கிட்டார்: மேடையில் ஒலிபெருக்குவது, அறையில் பதிவுசெய்வது

கையில் வைத்து வாசிக்கும்போது நிறைவாக ஒலிக்கிற ஸ்டீல் கம்பி கிட்டார், கேபிளைச் செருகி ஸ்பீக்கரில் கேட்டதும் தகர டப்பாவைத் தட்டியதுபோல் ஆகிவிடும். உடனே கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப்பைத்தான் குறை சொல்வார்கள். விலை கூடிய வேறொன்றை வாங்கி மாட்டுவார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது, பிக்கப்பிலிருந்து வரும் கேபிள் எதில் போய்ச் செருகப்படுகிறது என்பதை. காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் அங்கே செலவழியுங்கள்.

பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டைதான் சேடில். அதற்கு அடியில் இருந்து, அழுத்தத்தை மின்சிக்னலாக்கும் பியசோ பிக்கப் மின்சுற்றில் ஒரு சிறிய கெப்பாசிட்டர்போல் நடந்துகொள்ளும். வகையைப் பொறுத்து அளவு மாறும். கணக்குக்கு 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். அதை மிக்சரின் லைன் இன்புட்டில் நேராகச் செருகினால், அங்கே இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு இன்புட் காட்டும் மின்தடை) 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாமே படிப்படியாக மெலியும். கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். அது காணாமலே போய்விடும். தகரச் சத்தத்துக்குக் காரணம் இதுதான்.

அதே பிக்கப்பை 1 மெகா ஓம் இன்புட்டில் செருகினால் அந்த எல்லை 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். தடித்த ஈ இன்னும் 7 டெசிபல் அளவுக்குக் குறைவாகவே கேட்கும். 10 மெகா ஓம் என்றால் 16 ஹெர்ட்ஸ். கிட்டாரின் முழு வீச்சும் உள்ளே வந்துவிடும்.

எனவே முதலில் உங்கள் கிட்டாரைப் பாருங்கள். பக்கவாட்டில் வால்யூம், பேஸ், ட்ரெபிள் குமிழ்களும் 9 வோல்ட் பேட்டரியும் இருந்தால் உள்ளேயே ப்ரீஆம்ப் (பிக்கப்பின் சிக்னலைப் பலப்படுத்தும் சுற்று) இருக்கிறது, எந்த டி.ஐ. பாக்ஸிலும் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) தாராளமாகச் செருகலாம். பேட்டரியே இல்லாத பியசோ என்றால் 1 மெகா ஓமுக்குக் குறையாத, முடிந்தால் 10 மெகா ஓம் இன்புட் உள்ள அகூஸ்டிக் ப்ரீஆம்ப் தேவை. டி.ஐ. பாக்ஸின் மேல் "ஆக்டிவ்" (மின்சாரத்தில் இயங்குவது) என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. சில ஆக்டிவ் பாக்ஸ்கள் 220 கிலோ ஓம்தான். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பேசிவ் பாக்ஸ்கள் 140 கிலோ ஓம் அளவில் இருக்கும். வாங்கும்போது ஸ்பெக் தாளில் இன்புட் இம்பீடன்ஸ் வரியைத் தேடிப் படியுங்கள்.

கிட்டாருக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவிலுள்ள கேபிள் 3 மீட்டருக்குள் இருக்கட்டும். பேட்டரி இல்லாத, அதாவது பேசிவ், பியசோவில் கேபிள் நீண்டால் ஒலியின் அளவு குறையும். கேபிளை அசைத்தால் சரசரப்பும் கேட்கும். ப்ரீஆம்பைத் தாண்டி மூன்று பின் உள்ள எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் போகும்போது 30 மீட்டர் ஓடினாலும் கவலையில்லை.

பேட்டரி உள்ள கிட்டாரில் ஜாக்கைச் செருகியவுடன் ப்ரீஆம்ப் தானாக ஆன் ஆகிவிடும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்காவிட்டால் பேட்டரி தீர்ந்துபோகும். பேட்டரி இறங்கத் தொடங்கியிருப்பது பலமாக ஸ்ட்ரம் செய்யும்போதுதான் முதலில் தெரியும்: மெதுவாக வாசித்தால் சுத்தமாக இருக்கும், அடித்து வாசித்தால் கரகரக்கும்.

ஒரு கம்பி மட்டும் மந்தமாகக் கேட்டால்

ஆறு கம்பிகளில் ஒன்றிரண்டு, பெரும்பாலும் ஓரத்துக் கம்பிகள், ஸ்பீக்கரில் மட்டும் அடங்கிக் கேட்கும். பிக்கப் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். சேடிலின் அடிப்பக்கம் பியசோ பட்டையின் மேல் ஒரே சீராக உட்கார்ந்தால்தான் எல்லாக் கம்பியின் அழுத்தமும் சமமாக இறங்கும்.

கம்பிகளைத் தளர்த்திச் சேடிலை எடுங்கள். பள்ளத்தில் மரத்தூளோ பழைய பசையோ இருந்தால் காய்ந்த பிரஷால் துடையுங்கள். சேடிலின் அடியை ஓர் இரும்பு அளவுகோலின் விளிம்போடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம். கண்ணாடித் துண்டின் மேல் 220 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சேடிலை நட்டுக்குத்தாக, சாயாமல் பிடித்துத் தேயுங்கள். அடியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு தேய்த்தால், கோடு முழுவதும் ஒரே நேரத்தில் அழிகிறதா என்று பார்த்தே நிறுத்தலாம். 1 மி.மீ. தேய்ந்தால் 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் அரை மி.மீ. இறங்கிவிடும்; அதனால் துளித்துளியாகத்தான் எடுக்க வேண்டும்.

சேடில் பள்ளத்தில் பொருந்துவதும் முக்கியம். விரலால் இழுத்தால் வர வேண்டும், ஆனால் முன்னால் சாயக்கூடாது. இறுக்கமாக இருந்தால் கம்பியின் அழுத்தம் பட்டை வரை இறங்காது. காகிதத் துண்டை மடித்து அடியில் சொருகுவது குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சவுண்ட் ஹோலில் மாட்டும் மேக்னெட்டிக் பிக்கப் கூவலை (ஸ்பீக்கரின் ஒலி மறுபடி பிக்கப்பில் புகுந்து எழும் ஊளைச் சத்தம்) தாங்கும், பேண்டோடு வாசிக்க ஏற்றது. வெண்கலச் சுற்று காந்தத்துக்குத் தெரியாது, உள்ளே உள்ள இரும்புக் கம்பி மட்டுமே தெரியும். அதனால் சுற்றில்லாத பி கம்பி தூக்கலாக ஒலிக்கும். அந்தக் கம்பிக்கு நேரே உள்ள திருகைக் கீழே இறக்கிச் சரிசெய்யலாம். நைலான் கம்பிக்கு இந்த வகை உதவாது. பிரிட்ஜுக்கு உள்பக்கம் ஒட்டும் வகை மரத்தின் ஒலியை நன்றாகத் தரும், ஆனால் சத்தம் கூடினால் சீக்கிரம் கூவும்.

மேடையில் கூவலை அடக்குதல்

அகூஸ்டிக் கிட்டார் கூவுவதற்குக் காரணம் அதன் உடலேதான். சவுண்ட் ஹோலும் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் அதிரும். ட்ரெட்நாட் என்கிற பெரிய பெட்டிக் கிட்டாரில் அது 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். ஸ்பீக்கரிலிருந்து அந்த ஸ்வரம் வந்து பெட்டியை அசைத்தால் பிக்கப் அதை மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். சுற்று நிற்காது.

உங்கள் கிட்டாரில் அது எந்த ஸ்வரம் என்று கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். சவுண்ட் ஹோலுக்கு அருகே வாயைக் கொண்டுபோய், தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டே சுருதியை மெல்ல உயர்த்துங்கள். ஓர் இடத்தில் பெட்டி முழுவதும் கையில் நடுங்கும். அந்த ஸ்வரத்தை ட்யூனரில் பார்த்துக் குறித்துவையுங்கள்: எஃப் ஷார்ப் என்றால் 92.5 ஹெர்ட்ஸ், ஜி என்றால் 98, ஏ என்றால் 110.

இதற்கு மேல் செய்வதை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். சவுண்ட் ஹோலை ரப்பர் மூடியால் அடைப்பது முதல் வேலை. இதில் கிடைக்கும் பலன் வேறு எதிலும் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. அடுத்து ப்ரீஆம்பில் சிக்னலைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை இரண்டு நிலையிலும் வைத்துப் பார்த்து, கூவல் குறையும் நிலையில் விடுங்கள். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது அது. இடம் மாறினால் மறுபடி பார்க்க வேண்டும். பிறகு, ஒரு குறுகிய இடத்தை மட்டும் குறைக்கும் நாட்ச் ஃபில்டரைக் குறித்துவைத்த அலைவரிசையில் வைத்து, குறுகலாக 6 டெசிபல் குறையுங்கள். 200 ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டாவது கூவல் வந்தால், அது மேல்பலகையின் சொந்த அதிர்வு. அங்கே 3 டெசிபல் போதும். பேஸ் குமிழை மொத்தமாகத் திருகி இறக்கினால் கூவல் நிற்கும், கிட்டாரும் செத்துப்போகும்.

மெயின் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்காதீர்கள். வாசிப்பவர் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் சவுண்ட் ஹோலை நேராகப் பார்க்க வேண்டாம்.

பியசோவுக்கே உரிய, மூக்கால் பேசுகிற ஒலி 1.5 முதல் 2.5 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அங்கே 3 டெசிபல் குறைத்தாலே காதுக்கு இதமாகும்.

ம்ம்ம் என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் பின்னை உடைத்தோ டேப் ஒட்டியோ இரைச்சலைப் போக்கும் வழக்கம் சில மேடைகளில் இருக்கிறது. ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கை கம்பியில் இருக்க, உதடு மைக்கில் பட்டால் மின்சாரம் உடல் வழியாகப் பாயும். உயிரே போகக்கூடும்.

பதிவு: முதலில் அறை, பிறகு மைக்

பதிவில் பிக்கப்பை மறந்துவிடுங்கள். மைக்தான் வேண்டும். மைக்கைவிட அது நிற்கும் இடம் முக்கியம்.

ஃபேனையும் ஏ.சி.யையும் நிறுத்துங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடவிட்டால் பாதி இரைச்சல் அப்போதே போய்விடும். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்தில் பதிவு வேண்டாம். சைன் வேவ் அல்லாத இன்வெர்ட்டர் எல்லா இடத்திலும் ரீங்காரத்தைக் கலக்கும். கைக்கடிகாரம், சட்டைப் பொத்தான், கிறீச்சிடும் நாற்காலி மூன்றையும் கவனியுங்கள்.

நம் வீட்டு அறைகள் பெரும்பாலும் சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருப்பதால் ஒலி பளீரென்று திரும்பும். கார்டியாய்ட் மைக் தன் முன்னால் இருப்பதைத்தான் கேட்கும்: அதாவது உங்களையும் உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே மெத்தையோ கனத்த ரஜாயோ தொங்கவிட வேண்டியது வாசிப்பவரின் முதுகுப் பக்கம். பலரும் மைக்கின் முதுகில் மட்டும் தொங்கவிட்டு ஏமாறுகிறார்கள். அறையின் நடுவிலும் மூலையிலும் உட்காராதீர்கள். தரையில் கம்பளம் விரியுங்கள்.

கம்பியை முந்தைய நாளே மாற்றி, இழுத்துவிட்டு, சுருதி நிலைக்க வையுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூன் பாருங்கள்.

மைக் சிறிய டயஃப்ரம் கண்டன்சராக இருந்தால் நல்லது. அதற்கு வேண்டிய 48 வோல்ட் ஃபேன்டம் பவரை (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) போட வேண்டும். கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்கு நேரே, 25 முதல் 30 செ.மீ. தள்ளி வையுங்கள். சவுண்ட் ஹோலுக்கு நேரே வேண்டாம்: மேடையில் கூவிய அதே 100 ஹெர்ட்ஸ் காற்று அங்கேதான் கொட்டுகிறது, பதிவு முழுவதும் பம்மென்று நிறைந்துவிடும். 15 செ.மீ.க்குள் கொண்டுபோனால் கார்டியாய்டின் இயல்பால் தாழ்ந்த ஒலி இன்னும் ஏறும்.

தனியாகப் பதிவுசெய்பவர்கள் இப்படிச் செய்யலாம். ஒரே வரியை, ஒரே வேகத்தில், மூன்று இடங்களில் மைக் வைத்து வாசியுங்கள்: 12-ஆவது ஃப்ரெட், பிரிட்ஜுக்குப் பின்னால் பெட்டியின் அகன்ற பகுதி, வலது தோளுக்கு மேலே காதை ஒட்டி. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இடத்தை வாயால் சொல்லிவிடுங்கள். மூன்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து கேளுங்கள். சத்தம் கூடியது எப்போதுமே நல்லதுபோல் ஏமாற்றும்.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். பாட்டின் மிகப் பலமான பகுதியை வாசித்து, உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 10 டெசிபலில் நிற்கும்படி கெயின் வையுங்கள். 24 பிட்டில் அதற்கு மேல் ஏற்றி எந்த லாபமும் இல்லை. வெட்டுப்பட்ட ஒரு ஸ்ட்ரம்மைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஸ்டீரியோவுக்காக இரண்டு மைக் வைப்பதைவிட, பாட்டுக்குப் பின்னணியாக ஸ்ட்ரம் செய்யும்போது ஒரே மைக்கில் இரண்டு முறை வாசித்து இடமும் வலமும் பிரித்துவைப்பது மேல். இரண்டு மைக்கின் ஒலி ஒன்றையொன்று தின்னும் ஃபேஸ் தொல்லையே வராது. தனிக் கிட்டார் வாசிப்புக்குத்தான் இரண்டு மைக் அவசியப்படும்.

பிக்கப்பையும் மைக்கையும் சேர்த்தே பதிவுசெய்தால், மைக்கின் ஒலி தாமதமாக வரும். 30 செ.மீ. கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 0.9 மில்லிசெகண்ட் ஆகும். 48 கிலோஹெர்ட்ஸில் அது 42 சாம்பிள். ஒரு பிக் அடியைப் பெரிதாக்கிப் பார்த்து, பிக்கப் டிராக்கை அவ்வளவு பின்னால் தள்ளுங்கள். பிறகு போலாரிட்டி பொத்தானை மாற்றிப் பார்த்து, தாழ்ந்த கம்பிகள் எதில் திடமாக இருக்கின்றனவோ அதை வையுங்கள். பிக்கப்பின் அளவு மைக்கைவிட 10 டெசிபலாவது குறைவாக இருக்கட்டும்.

மிக்ஸில் 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்), 200 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள் 2 டெசிபல் குறைவு, கம்ப்ரஸர் (பலமான ஒலியை அடக்குவது) 3:1, அட்டாக் (அது அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 முதல் 30 மில்லிசெகண்ட், உச்சத்தில் 3 டெசிபல் அடங்கினால் போதும். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் உள்ள பாட்டில் ஹை பாஸை 150 ஹெர்ட்ஸ் வரை ஏற்றலாம். தனியாகக் கேட்டால் மெலிந்து தெரியும், கூட்டத்தில் தெளிவாக நிற்கும். தனிக் கிட்டாரில் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.