முடிந்த ஏலங்களை வாசிக்கப் பழகுவது எப்படி

அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். அவர் போன பிறகு எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு அலுமாரியில் ஒன்பது முத்திரை அல்பங்கள் மிஞ்சின. மனதுக்கு நெருக்கமானவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, இரட்டிப்பாகக் கிடந்தவற்றை ஈபே என்ற இணையச் சந்தையில் விற்கத் தொடங்கினேன். முதல் மூன்று மாதமும் போட்டது போட்டபடியே கிடந்தது. அதற்குப் பிறகுதான், நன்றாக விற்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு பார்க்க உட்கார்ந்தேன். நீங்கள் பத்திக் துணி விற்றாலும் பழைய கமரா விற்றாலும் பார்க்கிற முறை இதுதான்.

முதலில் ஒரு பழக்கத்தை விடவேண்டும். ஒரு பொருளைத் தேடியதும் திரையில் வருகிற விலைகளை நம்பக்கூடாது. அவை கேட்கிற விலைகள். எவரும் எதையும் கேட்கலாம். தேடல் பக்கத்து வடிகட்டியில் 'சோல்ட் ஐட்டம்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். கடந்த 90 நாட்களில் உண்மையாகவே விற்றவை பச்சை நிற விலையோடு வரும். விலையின் மேல் கோடு கிழித்திருந்தால், வாங்கியவர் பேரம் பேசிக் குறைத்து வாங்கியிருக்கிறார் என்று பொருள். கோடு போட்ட தொகையைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

'கம்ப்ளீட்டட் ஐட்டம்ஸ்' என்ற தெரிவில் விற்காமல் முடிந்தவையும் சேர்ந்து வரும். என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய பாடசாலை. ஒரே பொருளை ஒருவர் விற்றிருப்பார், இன்னொருவர் விற்கமுடியாமல் விட்டிருப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்: தலைப்பு, தொடக்க விலை, முடிந்த கிழமையும் நேரமும், தபால் செலவு, எத்தனை படம், எத்தனை பேர் ஏலத்தில் விலை கேட்டார்கள். முப்பது சோடி எழுதியதும் எனக்கு என் பிழைகள் தாமாகவே விளங்கின.

உதாரணத்துக்கு, ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து 2 சத முத்திரை, ரப்பர் பால் வெட்டும் படம் போட்டது. அதில் ஓரத்துப் பற்களின் கணக்கு வேறுபடும் பல வகைகள் உண்டு, வகைக்கு வகை விலையும் வேறு. பற்களை 2 சென்டிமீற்றருக்கு எத்தனை என்று எண்ணுவார்கள். விற்காத தலைப்பு 'மிக அரிய பழைய சிலோன் முத்திரை, அழகானது' என்று இருந்தது. விற்றவர் நாடு, மன்னர், ஆண்டு, பெறுமதி, ஸ்டான்லி கிபன்ஸ் என்ற முத்திரை அட்டவணையில் அதற்குள்ள எண், பற்களின் கணக்கு, பாவித்ததா பாவிக்காததா என்று அடுக்கியிருந்தார். தலைப்புக்கு 80 எழுத்துக்குறிதான் இடம். தேடுகிறவர் 'அழகானது' என்று தட்டுவதில்லை, எண்ணைத்தான் தட்டுகிறார். நானும் அதுவரை அழகைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் அவர்களிடம்தான் கற்றேன். 1972 மே 22 இல் நாட்டின் பெயர் மாறியது. ஆனால் பழைய முத்திரைக்கும் கெட்டிக்கார விற்பனையாளர்கள் 'சிலோன்', 'ஸ்ரீ லங்கா' இரண்டையும் தலைப்பில் போடுகிறார்கள். இப்போதைய பெயரில் தேடுகிறவரும் வந்து சேருவார் அல்லவா?

யாரைப் பார்த்துப் பழகுவது? இலட்சக்கணக்கில் பின்னூட்டம் வைத்திருக்கும் பெரிய கடைகளை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு ஆள்பலம் இருக்கிறது, தபாலும் மொத்தமாகப் போகிறது. அந்த விலையை நாம் வீட்டிலிருந்து பிடிக்கமுடியாது. உங்கள் பொருளையே விற்கிற, பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் உள்ள தனி ஆளைத் தேடுங்கள். அந்த நட்சத்திரம் 1000 முதல் 4999 வரையான பின்னூட்டப் புள்ளிகளைக் காட்டும். மூன்று பேரைத் தெரிவு செய்தால் போதும். அவர்களுடைய பாராட்டுகளை வாசிக்கவேண்டாம். குறை சொன்ன பின்னூட்டங்களையும் அதற்கு அவர்கள் கொடுத்த பதிலையும் ஆறுதலாக வாசியுங்கள். என் மூவரில் ஒருவர், குறை வந்த ஒவ்வொரு இடத்திலும் இரண்டே வரியில் மன்னிப்பும் காசு திருப்பிய செய்தியும் எழுதியிருந்தார். வாதாடவே இல்லை. அவர் இங்கிலாந்துக்காரர், என்னுடைய முதல் ஆசிரியர் அவர்தான்.

அவரிடம் ஒன்றரைப் பவுணுக்கு ஒரு முத்திரை வாங்கினேன். முத்திரை எனக்குத் தேவையில்லை. அவர் எப்படிப் பொதி கட்டுகிறார் என்று பார்க்கத்தான். உறை வந்ததும் மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படம் எடுத்தேன். முத்திரை மெல்லிய கண்ணாடித்தாள் உறைக்குள், அது கறுப்பு அட்டையில், அட்டையின் இரண்டு பக்கமும் கெட்டி மட்டை, மட்டைகளைச் சுற்றி எளிதில் கழரும் காகித ஒட்டுநாடா. உள்ளே கையால் எழுதிய நன்றித் துண்டு. இந்தப் பாடம் எனக்கு ஏற்கனவே நட்டத்தோடு தேவைப்பட்டிருந்தது: ஒரு ஒக்டோபர் மழையில் நான் சாதாரண உறையில் அனுப்பிய பாவிக்காத முத்திரைத் தொகுதி ஈரம் பிடித்துப் பசை ஒட்டி, ஒன்றாய்ப் போய்ச் சேர்ந்தது. முழுக் காசையும் திருப்பினேன். கொழும்புக் காற்றின் ஈரம் பசை உள்ள முத்திரைக்கு எதிரி. இப்போது அல்பங்கள் இருக்கும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளை வைக்கிறேன், மழை நாளில் பொதி கட்டுவதில்லை. பெறுமதியானதைப் பதிவுத் தபாலில்தான் அனுப்புகிறேன்.

அடுத்தது, பலர் வழுக்கி விழுகிற இடம். ஒரு தபால் உறையின் ஏலம் 42 பவுணுக்கு முடிந்தது. அதே உறை, அதே முத்திரைக் குற்றி, என்னிடமும் ஒன்று இருந்தது. அடுத்த வாரமே போட்டேன். 11 பவுணுக்குப் போனது. இரண்டு நாள் மனம் சரியில்லை. பிறகு அந்த முதல் ஏலத்தின் கேள்வி வரலாற்றை, அதாவது யார் எவ்வளவு விலை கேட்டார் என்ற பட்டியலை, திறந்து பார்த்தேன். பெயர்களை மறைத்திருந்தாலும் யார் எத்தனை தரம் கேட்டார் என்று தெரியும். ஏழு கேள்வி, ஆனால் கேட்டவர்கள் மூன்றே பேர். இரண்டு பேர்தான் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு 42 வரை போயிருக்கிறார்கள். மூன்றாமவர் பத்துப் பவுணோடு நின்றுவிட்டார்.

ஈபேயில் வாங்குபவர் தன் உச்ச விலையைப் போட்டு வைப்பார்; இரண்டாவது ஆளின் உச்சத்துக்குச் சற்று மேலேதான் விலை நிற்கும். வென்றவருக்குப் பொருள் கிடைத்துவிட்டது, அவர் மறுபடி வரமாட்டார். தோற்றவர் என் ஏலத்துக்கு வந்தபோது அவரோடு போட்டி போட மிஞ்சியது அந்தப் பத்துப் பவுண்காரர் மட்டும். அதனால் முடிந்த விலையைப் பார்த்ததும் கேள்வி வரலாற்றைத் திறந்து, மூன்றாவது ஆள் எங்கே நின்றார் என்று பாருங்கள். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய விலைக்கு அதுதான் கிட்டிய கணக்கு. ஐந்தாறு பேர் கடைசிவரை நின்ற பொருளை மட்டும் ஏலத்தில் விடுங்கள். இரண்டு மூன்று பேர் மட்டுமே தேடும் பொருளை நிலையான விலையில் போட்டுக் காத்திருங்கள். என் ஆசிரியர் இதைத்தான் செய்துகொண்டிருந்தார். கொப்பியில் எழுதும்வரை அது என் கண்ணில் படவில்லை.

நேரமும் அவரிடம் பார்த்ததுதான். அவருடைய ஏலங்கள் எல்லாம் ஞாயிறு இரவு எட்டு மணியளவில், இங்கிலாந்து நேரத்தில், முடிந்தன. என் பொருளை வாங்குகிறவர்களில் பலரும் அங்கேதான். ஏலம் தொடங்கிய அதே நேரத்தில்தான் முடியும் என்பதால், ஏழு நாள் ஏலத்தைக் கோடையில் நம் நேரம் நள்ளிரவு 12.30 க்கும், அங்கே மணிக்கூடு மாறும் குளிர்காலத்தில் 1.30 க்கும் தொடங்கவேண்டும். அதற்காக விழித்திருக்கவேண்டியதில்லை, முன்கூட்டியே நேரம் குறித்து வைக்க வசதி இருக்கிறது.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். பிறருடைய படத்தையோ விளக்கத்தையோ எடுத்துப் போடாதீர்கள். அது விதிக்கும் விரோதம், உழைத்தவருக்குச் செய்யும் அநியாயமும்கூட. தெரிந்தவர்களைக் கொண்டு உங்கள் ஏலத்தில் விலை ஏற்றுவதும் அப்படித்தான். அவர்கள் படம் எடுக்கும் கோணத்தைப் பழகுங்கள், அவர்களுடைய படத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். முத்திரைக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, குறை இருக்கும் மூலை கிட்டத்தில் ஒன்று. காலை பத்து மணிக்கு முன் யன்னலோரத்து வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம்.

புதுக் கணக்குக்கு மாதம் இவ்வளவுதான் போடலாம் என்று ஒரு வரம்பு இருக்கும். விற்ற காசு எனக்கு பயோனியர் என்ற இணையப் பணச் சேவை வழியாக வங்கிக்கு வருகிறது. அந்தக் கணக்கை முதலிலேயே திறந்துவிடுங்கள், பத்திரங்களைச் சரிபார்க்க நாள் எடுக்கும். அந்த நாட்களில் கொப்பியை நிரப்புங்கள். என்னுடையது இப்போது நான்காவது கொப்பி. டி.ஆர். விஜேவர்தன மாவத்தைக்குப் போய் முத்திரைப் பணியகத்தில் புது வெளியீடு வாங்கும்போதும் அதைக் கைப்பையில் கொண்டுபோகிறேன். எந்தத் தொகுதியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று அங்கேயே புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்கிறேன்.