தீக்காயம் பட்ட பிள்ளைக்கு உணவு: தாளில் எழுதியது வேறு, வயிற்றுக்குள் போனது வேறு

சிங்கப்பூரில் தீக்காயத்தோடு மருத்துவமனைக்கு வரும் சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நெருப்பில் வெந்தவர்கள் அல்ல. மேசை விளிம்பில் வைத்த கோப்பி, கொதிநீர் ஊற்றிய கப் நூடல்ஸ், அடுப்பிலிருந்து இறக்கிய சூப், குளிக்க எடுத்து வைத்த வெந்நீர், இவைதான் காரணம். நடக்கத் தொடங்கிய பிள்ளை எதையும் எட்டி இழுக்கும். வீட்டில் உள்ளவர்கள் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு ஓடி வருவார்கள். சிலர் பயத்தில் பற்பசையைத் தடவிக்கொண்டு வருவார்கள், அது கூடாது. பெரியவர்களுக்கான தீக்காய மையம் சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் இருக்கிறது. பிள்ளைகளில் நிறையப் பேர் தேக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குப் போவார்கள்.

டயட்டீஷியனாக இந்தப் பிள்ளைகளோடு பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். இப்போது நம் பிள்ளைகள் எஸ்ஐடியில் (சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம்) இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வார்டுக்கு வருகிறார்கள். முன்பெல்லாம் இதற்காக ஆஸ்திரேலியா பக்கம் போக வேண்டியிருந்தது. வருபவர்களுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் தாளில் 1,250 கலோரி என்று எழுதிவிட்டால் பிள்ளைக்கு 1,250 கலோரி போய்விட்டது என்று நம்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த நம்பிக்கையிலிருந்து வருபவைதான். வீட்டில் இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதில் பாதி உதவும்.

எடைத் தட்டை நம்புவது

பெரிய தீக்காயம் என்றால் முதல் நாளிலேயே நரம்பு வழியாக நிறைய திரவம் ஏற்றுவார்கள். உடம்பு வீங்கும். அதன் மேல் கட்டு, கை மடங்காமல் இருக்க வைத்துக் கட்டிய சட்டம் எல்லாம் சேரும். 12 கிலோ பிள்ளை தட்டில் 14 கிலோ காட்டலாம். அந்த 14-ஐ வைத்துப் போட்ட கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். ஒரு வாரம் கழித்து வீக்கம் வடியும்போது எடை இறங்கும். அதைப் பார்த்து "பிள்ளை இளைத்துவிட்டது" என்று பதறுவது அடுத்த தவறு.

இங்கே பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சுகாதாரக் கையேடு கொடுக்கிறார்கள். தடுப்பூசிக்குப் போன ஒவ்வொரு முறையும் எடை, உயரம், தலைச் சுற்றளவு அதில் பதிவாகியிருக்கும். காயம் படுவதற்கு முந்தைய எடை அதில்தான் கிடைக்கும். முதல் சந்திப்பிலேயே அம்மாவிடம் அதைக் கேளுங்கள். வீட்டில் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த வளர்ச்சிக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகும் தேவைப்படும்.

பிள்ளையைக் குட்டிப் பெரியவராக நினைப்பது

இதைக் கணக்கோடு சொல்கிறேன். பெரியவர்களுக்காக 1970-களில் வந்த குரேரி சூத்திரம் கிலோவுக்கு 25 கலோரி, உடல் பரப்பில் வெந்த ஒவ்வொரு சதவீதத்துக்கும் 40 கலோரி என்று கூட்டும். இரண்டு வயது, 12 கிலோ, 40 சதவீதம் வெந்த பிள்ளைக்கு அதைப் போட்டால் 300 + 1,600, ஆக 1,900 கலோரி வரும். அமெரிக்காவின் கால்வெஸ்டனில் பிள்ளைகளுக்காகவே உருவாக்கிய சூத்திரம் வேறு மாதிரி. 1 முதல் 11 வயது வரை, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1,800 கலோரி, வெந்த பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1,300 கலோரி. இதே பிள்ளையின் உடல் பரப்பு சுமார் 0.54 சதுர மீட்டர். கூட்டினால் ஏறக்குறைய 1,250 வரும். ஒரே பிள்ளைக்கு 650 கலோரி வித்தியாசம்!

அதிகம் கொடுத்தால் சீக்கிரம் ஆறும் என்று தோன்றும். ஆறாது. மிதமிஞ்சிப் போகும் கலோரி ஈரலில் கொழுப்பாகச் சேரும், ரத்தச் சர்க்கரையை ஏற்றும், மூச்சுக் கருவியில் இருக்கும் பிள்ளைக்குக் கரியமில வாயுவைக் கூட்டிவிடும். எந்தச் சூத்திரமும் தொடக்கப் புள்ளிதான். மூச்சுக்காற்றை வைத்துச் சக்திச் செலவை அளக்கும் கருவி வசதி இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் எடை, காயம் ஆறும் வேகம், மலம் போகும் விதம், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் வாரம் இருமுறையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சதவீதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கைக்குழந்தையின் தலை மட்டும் உடல் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வரும். பெரியவர்களுக்கு அது ஏழெட்டு சதவீதம்தான். அவசரச் சிகிச்சைப் பிரிவில் முதல் மணி நேரத்தில் எழுதிய எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். தோல் உரியாமல் வெறுமனே சிவந்த இடத்தைக் கழித்துவிட்டு, அறுவை மருத்துவர் வயதுக்கேற்ற வரைபடத்தில் குறித்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கலோரியைவிட எனக்குக் கவலை தருவது புரதம். சாதாரண நாளில் அந்தப் பிள்ளைக்கு 13 கிராம் அளவு போதும். பெரிய தீக்காயத்தில் கிலோவுக்கு 1.5 முதல் 3 கிராம் வரை, அதாவது 36 கிராம் வரை தேவைப்படலாம். இது கிடைக்காவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்துக் காயத்துக்குக் கொடுக்கும்.

குழாய் போடத் தயங்குவது

"இன்னும் ஒரு நாள் பார்ப்போம், வாயால் சாப்பிடட்டும்" என்ற வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன்! சின்னக் காயம் என்றால் சரி, பெரும்பாலும் வாயாலேயே சமாளித்துவிடலாம். பெரிய காயத்தில் அப்படிக் காத்திருக்க முடியாது. முதல் 12 மணி நேரத்துக்குள் குடலுக்கு உணவு போகத் தொடங்க வேண்டும். சும்மா கிடக்கும் குடலின் சுவர் மெலியும், கிருமிக்கு வழிவிடும். மூக்குக் குழாயைப் பார்த்ததும் பெற்றோர் தோற்றுப்போனதாக நினைத்து அழுவார்கள். குழாய் பால்புட்டி மாதிரிதான், கொஞ்ச நாளைக்கு என்று நிதானமாகச் சொல்லுங்கள். வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்றும் அர்த்தமில்லை. பகலில் பிடித்ததைச் சாப்பிடட்டும், இரவில் குழாய் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

வெறும் வயிற்று மணிகளை எண்ணாமல் விடுவது

என்னைப் பொறுத்தவரை வார்டில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது இதுதான். தோல் ஒட்டு அறுவைக்கு முன்பும், மயக்க மருந்து கொடுத்துக் கட்டு மாற்றும்போதும் பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு அறுவை என்று நள்ளிரவில் உணவை நிறுத்துவார்கள். அவசர நோயாளி ஒருவர் வருவார். நம் பிள்ளையின் முறை மதியம் இரண்டுக்குத் தள்ளிப்போகும். மணிக்கு 50 கலோரி போய்க்கொண்டிருந்த பிள்ளைக்கு 14 மணி நேரத்தில் 700 கலோரி போகவில்லை. ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல்! வாரத்தில் மூன்று முறை இப்படி நடந்தால் எவ்வளவு அழகான திட்டமாக இருந்தாலும் வெறும் தாள்தான்.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பிள்ளையின் காயம் ஏன் ஆறவில்லை என்று இரண்டு வாரம் குழம்பினேன். சூத்திரத்தை மாற்றினேன், பாலை மாற்றினேன். கடைசியில் தாதி ஒருவர் குழாய்ப் பம்பின் பதிவைக் காட்டினார். நான் எழுதியதில் அறுபது சதவீதம்கூட உள்ளே போயிருக்கவில்லை. அன்றிலிருந்து காலையில் நான் முதலில் பார்ப்பது நேற்று எவ்வளவு போனது என்பதைத்தான்.

வழி உண்டு. மணிக்கு இத்தனை மில்லி என்று எழுதாமல் நாளுக்கு இத்தனை என்று எழுதினால், தவறிய அளவை மீதி மணிகளில் தாதி ஈடுகட்டலாம்; பிள்ளையின் வயிறு தாங்கும் அளவுக்குள். மயக்க மருந்துக்கு முன் திட உணவுக்கு ஆறு மணி நேர இடைவெளி, தாய்ப்பாலுக்கு நான்கு, தெளிந்த நீருக்கு இரண்டு அல்லது அதற்கும் குறைவு என்பது மயக்கவியலில் பழகிய கணக்கு. எல்லாவற்றுக்கும் "நள்ளிரவுக்குப் பின் எதுவும் இல்லை" என்று போடத் தேவையில்லை. ஏற்கெனவே மூச்சுக் குழாய் போட்ட பிள்ளைக்கு, உணவு கொடுக்கும் மூக்குக் குழாய் சிறுகுடல் வரை இறங்கியிருந்தால், சில இடங்களில் அறுவையின்போதும் உணவை நிறுத்துவதில்லை. இதையெல்லாம் மயக்க மருத்துவரிடம் போய்ப் பேச வேண்டும். இளையவர்கள் தயங்குவார்கள். தயங்கவே கூடாத இடம் இது.

கட்டு மாற்றும் அறைக்குள் ஒரு முறையாவது போய் நில்லுங்கள். போகாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. கட்டைப் பிரித்ததும் பிள்ளை நடுங்கும். தோல் இல்லாத உடம்பு சூட்டை இழக்கிறது. அந்தச் சூட்டை உண்டாக்க நீங்கள் கொடுத்த கலோரியைத்தான் எரிக்கிறது. நம் ஊரில் ஏர்கோன் குளிர் வேறு. தீக்காயப் பிள்ளை இருக்கும் அறை 28 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும். வெப்பமானியைப் பார்ப்பதும் டயட்டீஷியன் வேலைதான் என்று நினைக்கிறேன்.

பத்தியத்தோடு மோதுவது, அல்லது பத்தியத்தைக் கேட்காமலே விடுவது

"ஏம்மா, புண்ணு இருக்கும்போது முட்டை குடுத்தா சீழ் வைக்காதா?" ஒரு பாட்டி என்னைக் கேட்டார். பேரனுக்கு வந்த முட்டையை மூன்று நாளாக அவர்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டு காலியாகத் திரும்பியது. தாளில் "முழுவதும் சாப்பிட்டான்" என்று பதிவானது.

நம் வீடுகளில் முட்டை, மீன், இறால், கருவாடு, கத்தரிக்காய் எல்லாம் கரப்பான் பண்டம். புண் ஆறும்வரை தொடக் கூடாது. சீன வீடுகளில் சோயா சாஸ் தழும்பைக் கருப்பாக்கும் என்பார்கள். இதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. உண்மையான ஒவ்வாமை இருக்கும் பிள்ளை விஷயம் வேறு. ஆனால் "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொன்ன டயட்டீஷியன் போன பிறகு முட்டை மறுபடியும் பாட்டி வாய்க்குத்தான் போகும். அந்தப் பாட்டி பேரனைக் கெடுக்கவா நினைத்தார்? காப்பாற்றத்தான் நினைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, புதுத்தோல் எதுல இருந்து வரும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன். செங்கல் இல்லாமல் சுவர் எழும்பாது என்பது அவருக்குத் தெரியும். முட்டை வேண்டாம் என்றால் பருப்பு, பால், கோழி என்று பேசினோம். மறுநாள் முட்டைக்கும் சம்மதித்துவிட்டார்.

பத்தியத்தில் நமக்குச் சாதகமானதும் இருக்கிறது. விரால் மீன் புண்ணை ஆற்றும் என்று தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருமே நம்புகிறார்கள். வீட்டிலிருந்து பிளாஸ்கில் சூப் வரும். நல்லதுதான்! தவறு எங்கே என்றால், "சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டது" என்று சாற்றை மட்டும் கொடுத்துவிட்டு மீனை ஒதுக்கிவிடுவார்கள். வெந்த மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு சதையிலேயே தங்கிவிடுகிறது. சதையை மசித்துக் கஞ்சியில் போடச் சொல்லுங்கள். தண்ணிக் கஞ்சி மட்டும் ஒரு கிண்ணம் குடித்தால் புரதம் 2 கிராம் தேறுவதே கஷ்டம், பிள்ளையின் வயிறோ நிறைந்துவிடும். அதே கஞ்சியில் ஒரு முட்டை சேர்ந்தால் இன்னும் 6 கிராம்.

அப்புறம் புரட்டாசி. வீடே சைவமாகியிருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள் கோழி எழுதிவைப்பீர்கள். சைவத்திலும் இந்தப் புரதத்தை எட்டலாம். பால், தயிர், பன்னீர், டோஃபு, பருப்பு எல்லாம் இருக்கின்றன. கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: பிள்ளைக்கு ஊட்டுவது யார்? அம்மாவிடம் அரைமணி நேரம் விளக்கியிருப்பீர்கள். வீட்டில் ஊட்டுபவர் பணிப்பெண்ணாக இருப்பார். அவர் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார், அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். அவரையும் உட்காரவைத்து, எந்தக் கரண்டி, எத்தனை கரண்டி என்று செய்துகாட்டுங்கள்.

மாத்திரை மேல் மாத்திரை

துத்தநாகம், செம்பு, செலினியம் ஆகியவை காயத்து நீரோடு வெளியேறுகின்றன. பெரிய காயத்தில் ஈடுகட்ட வேண்டும். ஆனால் துத்தநாகத்தை அள்ளிக் கொடுத்தால் செம்பு உடம்பில் சேராது. குளூட்டமின் என்ற அமினோ அமிலம் ஒரு காலத்தில் எல்லாரும் கொடுத்தது. 2022-ல் வெளியான, தீக்காயம் பட்ட சுமார் 1,200 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. வீட்டிலிருந்து வரும் புட்டிகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போனதும் ஃபைலை மூடுவது

தோல் மூடிவிட்டது, பிள்ளை சிரிக்கிறது, எல்லாரும் நிம்மதியாகிவிடுவோம். ஆனால் கடுமையான தீக்காயத்தில் உடம்பின் எரிப்பு வேகம் இரண்டு மூன்று ஆண்டுகள்வரைகூடத் தணியாமல் இருக்கலாம். உயரம் தேங்கும், எலும்பு மெலியும். வெந்து ஆறிய தோலில் வைட்டமின் டி குறைவாகவே உருவாகும். தழும்பு கருக்காமலிருக்க வெயிலில் காட்டாதீர்கள் என்றும் சொல்லியிருப்போம். அதனால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வார்டில் கொடுத்த சத்துப்பாலையும், சமாதானப்படுத்தக் கொடுத்த மைலோவையும் அப்படியே ஆண்டுக்கணக்கில் தொடர்வார்கள். காயம் படும்போது கோப்பியை மேசையில் வைத்தவரே அம்மாவாக இருந்தால், பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுத்துவிடத் தோன்றும். அதைக் குறை சொல்லிப் பேசக் கூடாது. எந்த மாதம் எதை நிறுத்துவது என்று தேதி போட்டுக் கொடுங்கள், அவருக்கும் பாரம் குறையும்.

மறுபரிசோதனைக்கு வரும்போது சுகாதாரக் கையேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எடையை மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல், பிள்ளையைச் செருப்பைக் கழற்றி நிற்கவைத்து உயரத்தையும் அளந்து, காயத்துக்கு முந்தைய அந்தப் பழைய கோட்டின் பக்கத்திலேயே புதுப் புள்ளியை வையுங்கள்.