வெளியூர் வாடிக்கையாளரின் மின்னஞ்சலைச் சேர்ப்பது எப்படி: ஒரு மதுரைக் கடைக்காரரின் குறிப்புகள்

மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் சுங்குடிச் சேலைக் கடை நடத்துகிறேன். துணியில் முடிச்சிட்டுச் சாயமேற்றிப் புள்ளி விழச் செய்வதே அசல் சுங்குடி. மின்னஞ்சல் பட்டியல் சேர்ப்பது பற்றிக் கேட்கும் கடைக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது, எல்லா வாடிக்கையாளரையும் அதில் சேர்க்க முயல வேண்டாம் என்பதுதான். செல்லூரிலிருந்தும் வில்லாபுரத்திலிருந்தும் வருகிறவர்களுக்குப் புதுச்சரக்கின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். மாலையில் நேரிலேயே வந்துவிடுவார்கள். சித்திரைத் திருவிழாவுக்கோ உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்து, ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் அவசரமாக நான்கு சேலை எடுத்துக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ திரும்பிவிடுகிறவர்கள் வேறு வகை. வெளிநாட்டுக்குப் போகிறவர் இங்கே போட்டிருந்த சிம்மைக் கழற்றியதோடு அந்த எண் நமக்குப் பயன்படாமல் போகும். மெயிலை மட்டும், வேலையின் பொருட்டாவது, தினமும் திறப்பார். பட்டியல் இவர்களுக்கானது.

கேட்பதற்கு உரிய நேரம் பில் போடும் நேரம் அன்று. கல்லாவுக்கு முன்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது கேட்டால், இடத்தைக் காலி செய்தால் போதும் என்று வாய்க்கு வந்த முகவரியைச் சொல்லிவிட்டுப் போவார்கள். பணம் கொடுத்து முடிந்து, சேலையை மடித்துப் பையில் வைக்கும் அந்த இரண்டு நிமிடமே நமக்குக் கிடைப்பது. நான் அப்போது சேலையின் ஒரு மூலையை விரித்து, முடிச்சை அவிழ்த்த இடத்தில் துணி சிறு மொட்டைப் போலக் குவிந்து நிற்பதைக் காட்டுவேன். அச்சுப் போட்ட துணியில் புள்ளி இருக்கும், இந்தக் குவிப்பு இருக்காது. அதைத் தொட்டுப் பார்க்கிறவரிடம், "மொத தடவ எப்படி அலசணும்னு எழுதி அனுப்புறேம்மா, தினமும் பாக்குற மெயிலைச் சொல்றீங்களா?" என்று கேட்பேன். "எதுக்குண்ணே, டெய்லி ஆஃபர் ஆஃபர்னு அனுப்பவா?" என்று திருப்பிக் கேட்பவரும் உண்டு. "வருசத்துக்கு ஆறு மெயில்தாம்மா, வேணாம்னா ஒரு தட்டுல நிறுத்திரலாம்" என்று எண்ணிக்கையோடு பதில் சொன்னால் பெரும்பாலானவர்கள் தந்துவிடுகிறார்கள். 'தினமும் பாக்குற' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது. செல்போன் வாங்கிய இடத்தில் யாரோ உருவாக்கிக் கொடுத்த ஜிமெயில் முகவரி பலரிடம் இருக்கிறது. ஒருமுறைகூட அவர்கள் அதைத் திறந்திருக்க மாட்டார்கள்.

தர விருப்பமில்லை என்றால் சிரித்துக்கொண்டே பையைக் கொடுத்துவிட வேண்டும். செல்போன் எண்ணைத் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாதென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் கடைகளுக்கு அறிவுறுத்தியது. மெயிலுக்கும் அதே மரியாதை பொருந்தும். அதே ஆண்டில் நிறைவேறி, படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக வாங்குகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே, "புதுச்சரக்கு பற்றியும் சேலைப் பராமரிப்பு பற்றியும் ஆண்டுக்கு ஆறு மெயில், வேறு யாருக்கும் தர மாட்டோம்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டையைக் கல்லாவின் மேல் வைத்திருக்கிறேன். எழுதியபடியே நடந்துகொள்ளவும் வேண்டும்.

முகவரியை நோட்டில் எழுதி வாங்குவதில் உள்ள தொல்லையைப் பட்டே தெரிந்துகொண்டேன். ஒரு சித்திரையில் நிரம்பிய நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தபோது, பூஜ்யமா 'ஓ' எழுத்தா என்று புரியாத முகவரிகளும், 'காம்' என்பது 'கான்' ஆன முகவரிகளும், அடித்துத் திருத்தி இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய முகவரிகளுமாகப் பக்கத்துக்கு நாலைந்து வீணாயின. இப்போது கூகுள் ஃபார்மில் பெயர், மெயில், ஊர் என்ற மூன்று கேள்விகள் மட்டும் வைத்து, அதற்கான கியூஆர் கோடை அந்த அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறேன். அவர்களே தங்கள் செல்போனில் தட்டச்சு செய்தால் பிழை குறைகிறது. பிறந்தநாள், திருமண நாள் என்று நான்காவது கேள்வியைச் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் பாதியில் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். செல்போனை எடுக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு மட்டும் நோட்டு இன்னும் இருக்கிறது. எழுதியவுடன் ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். ஜிமெயிலில் பெயருக்கு நடுவே புள்ளி விட்டுப்போனாலும் கடிதம் போய்ச் சேரும், ஆனால் ஓர் எழுத்து மாறினால் வேறு யாருக்கோ போகும்.

அன்றிரவே ஓர் உறுதிப்படுத்தும் மெயில் போக வேண்டும். 'இன்று எங்கள் கடையில் சேலை வாங்கினீர்கள். தொடர்ந்து எழுதலாம் என்றால் இதை அழுத்துங்கள்' என்ற இரண்டு வரிகள் போதும், அழுத்தாதவர் பட்டியலில் சேர மாட்டார். இதனால் எண்ணிக்கை குறைகிறதே என்று என் மகன் வருத்தப்பட்டான். குறையட்டும் என்றே நான் விட்டுவிட்டேன். கணக்குத் தாளில் பெயருக்குப் பக்கத்தில் சேர்ந்த தேதி, ஊர், வாங்கிய சரக்கு ஆகியவற்றையும் பதிந்துகொள்ள வேண்டும். சேலையே வாங்காமல் வேட்டி எடுத்தவருக்குச் சேலைப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தால் அவர் எத்தனை நாள் பொறுப்பார்?

எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு ஒருமுறை நானே கெட்டேன். 'மதுரை ஆட்கள், 10,000 முகவரி' என்று விலை பேசி ஒருவர் விற்ற பட்டியலை வாங்கி ஒரே நாளில் அனுப்பினேன். பெரும்பகுதி திரும்பி வந்தது, கிடைத்தவர்களில் பலர் ஸ்பேம், அதாவது வேண்டாத மெயில், என்று குறித்தார்கள், அனுப்பும் சேவை என் கணக்கை நிறுத்தியது. அதன்பின் சில மாதங்கள் உண்மையான வாடிக்கையாளருக்கு எழுதிய மெயில்கூட ஸ்பேம் பெட்டிக்குத்தான் போயிற்று.

பட்டியல் 100 பேர் அளவில் இருக்கும்வரை சாதாரண ஜிமெயிலே போதும். அதில் ஒரு நாளைக்கு 500 பேர் என்ற வரம்பு உண்டு. எல்லா முகவரியையும் 'டு' கட்டத்தில் போட்டு ஒருவர் முகவரியை மற்றவருக்குக் காட்டிவிடாமல் 'பிசிசி' கட்டத்தில் போட வேண்டும். பட்டியல் வளர்ந்த பிறகு, கடைப் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்கி, மொத்தமாக அனுப்புவதற்கென்றே உள்ள சேவை ஒன்றில் சேர்வது நல்லது. கூகுளும் யாஹுவும் 2024 பிப்ரவரியிலிருந்து விதிகளை இறுக்கிவிட்டன. நாளொன்றுக்கு 5,000 ஜிமெயில் முகவரிகளுக்கு மேல் அனுப்புகிறவர்கள் மெயில் உண்மையிலேயே தங்களிடமிருந்துதான் வருகிறது என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் தங்கள் டொமைனில் வைத்திருக்க வேண்டும். ஒரே தட்டில் விலகும் வசதியைத் தர வேண்டும். ஸ்பேம் புகாரும் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நமக்கு அந்த அளவு வராது என்றாலும் அந்தப் பதிவுகளைச் செய்து வைப்பதே பாதுகாப்பு. டொமைன் விற்றவரிடம் கேட்டால் அரை மணி நேர வேலை.

முதல் மெயிலில் விற்பனைப் பேச்சே இருக்கக் கூடாது. வாக்குக் கொடுத்தது சலவைக் குறிப்பைத்தான். முதல் அலசலில் சாயம் கொஞ்சம் இறங்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லி, கல்லுப்பு போட்ட குளிர்ந்த நீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்தும்படி எழுதுகிறேன். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும், முடிச்சிட்டதையும் அச்சிட்டதையும் பிரித்தறியும் விதத்தையும் அடுத்த மெயிலுக்கு வைத்துக்கொள்வேன். தீபாவளிச் சரக்கைப் பற்றிய மெயில் ஆறு வாரம் முன்பே போய்விட வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் பார்சல் போய்ச் சேர நாளாகும். சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு, அவர்கள் டிக்கெட் போடும் காலத்தில் எழுத வேண்டும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே காலை 6 மணிக்கு அனுப்பியது அங்கே அலுவலகம் தொடங்கும் நேரத்தில் கண்ணில் படும்.

திரும்பி வந்த முகவரியை உடனே நீக்கிவிட வேண்டும். எத்தனை பேர் திறந்தார்கள் என்று சேவை காட்டும் கணக்கை முழுதாக நம்ப முடியாது, ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த தனியுரிமை வசதியால், படிக்காத மெயிலும் திறந்ததாகப் பதிவாகக்கூடும். பதில் எழுதியவர், இணைப்பை அழுத்தியவர், மீண்டும் வாங்கியவர் என்று எண்ணுவதே சரி. வேண்டாம் என்று விலகியவர் அடுத்த ஆண்டு கடைக்கு வந்து சேலை எடுத்தாலும் பழைய சம்மதத்தைக் கொண்டு அவரைத் திரும்பச் சேர்க்கக் கூடாது. மடிக்கும்போது மறுபடியும் கேட்க வேண்டும்.