ஒளியில் இறுகும் ஜெல்மா: முதல் முறை செய்பவர்களுக்கு

பினாங்கில், குளுகோரிலோ நிபோங் திபாலிலோ பயோமெட்டீரியல் படிக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். ஒளி பட்டால் இறுகி, உடலுக்குள் மெல்லச் சிதையும் பாலிமர்களில் கைப்பழக்கத்துக்கு ஏற்றது ஜெல்மா. மெத்தாக்ரிலேட் தொகுதிகளைக் கோத்த ஜெலட்டின்தான் அது. இங்கே செய்வது பயிற்சிக்கு மட்டும், மனித உடலில் வைக்க அல்ல.

படி 1: வாங்கும்போதே ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது, மாடா, பன்றியா, மீனா என்று கேளுங்கள். மலேசியாவில் இது நாளை சிகிச்சைக்கு வருமானால் நோயாளி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

படி 2: ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஜெல்மாப் பொடிப் புட்டியை உடனே திறக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போய்ப் பொடி கட்டிதட்டும், எடையும் தப்பாகும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள். 10 மி.லி. பாஸ்பேட் உப்புக் கரைசலில் ஒளி பட்டதும் இறுகும் வினையைத் தொடங்கிவைக்கும் எல்.ஏ.பி. என்ற ஒளித்தொடக்கியில் 25 மி.கி. கரைத்து, 1 கிராம் ஜெல்மாவைச் சேர்த்து 50 டிகிரியில் வையுங்கள். குலுக்கினால் நுரைக்கும். ஒளி படாமல் இருக்கப் புட்டியில் அலுமினியத் தாளைச் சுற்றிவிடுங்கள்.

படி 3: 1 மி.மீ. ஆழ அச்சில் ஊற்றி மேலே கண்ணாடித் துண்டு வையுங்கள். காற்றின் ஆக்சிஜன் வினையைத் தடுப்பதால், மூடாத மேற்பரப்பு பிசுபிசுக்கும்.

படி 4: பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, 405 நானோமீட்டர் ஒளியை ஒரு நிமிடம் காட்டுங்கள். அச்சு இருக்கும் இடத்தில் சதுர செ.மீ.க்கு 10 மில்லிவாட் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

படி 5: இதுதான் முக்கியம். மாடு, பன்றி ஜெலட்டின் என்றால் ஏர்கான் குளிரிலேயே, பிரிட்ஜில் வைத்த ஜெல்லியைப் போல உறைந்துவிடும். தொட்டால் கெட்டியாக இருக்கும், ஒளி வேலை செய்துவிட்டது என்று நம்பத் தோன்றும். நம்பாதீர்கள். குளிரில் உறைந்தது சூட்டில் உருகும், ஒளியில் இறுகியது உருகாது. ஆகவே ஒளி காட்டாத வில்லை ஒன்றையும் தயார் செய்து, இரண்டையும் 37 டிகிரி உப்புக் கரைசலில் போடுங்கள். ஒளி படாதது சீக்கிரம் மறையும். மற்றதன் ஓரங்கள் கூர்மையாகவே நிற்க வேண்டும், கொஞ்சம் உப்பலாம். அதுவும் குழைந்தால் ஒளி நேரத்தைக் கூட்டுங்கள்.

படி 6: அடுத்து, வில்லை எப்படிச் சிதைகிறது என்று பார்க்க, கரைசலில் கொலாஜனேஸ் நொதியைச் சேர்த்து, அவ்வப்போது வில்லையை எடுத்து ஒற்றி எடை பாருங்கள். நொதி வெட்டுவது ஜெலட்டின் சங்கிலியைத்தான், ஒளியில் உருவான மெத்தாக்ரிலேட் சங்கிலியை அல்ல. அதிகமாக இறுக்கினால் சிதைவு தாமதமாகும். அதனால் எடைக்குறைவோடு ஒளி நேரத்தையும் சேர்த்தே குறித்து வையுங்கள்.